அரை அங்குல அகலம்

— அளவு டேப்பைக் கீழ வை, கொரின். நீ வரைஞ்ச இந்தச் சுவர் ஒயின் அடுக்குல நடு வரிசை அறை இன்னும் அரை அங்குலம் கூடவே நிக்குதே, ஏன்?

— வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா, வெண்டல்? இந்தப் பலகையை ஒரு கை பிடிங்க. பாட்டில் கழுத்துப் பக்கமா துளி சரிஞ்சு படுக்கணும். அப்பத்தான் தக்கையில ஒயின் பட்டுக்கிட்டே இருக்கும். தக்கை காய்ஞ்சு சுருங்கிச்சுன்னா காத்து உள்ள போயிடும்.

— இருபது வருஷமா இங்க ஒயின் செய்யறவன் நான். எனக்கே தக்கைப் பாடமா?

— தெரிஞ்சவர்கிட்ட சொன்னாத்தான் எனக்கும் சுவாரசியம். விளக்கைப் பாத்தீங்களா? பாட்டிலுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன், சூடே வராது. ஆள் உள்ள வந்தாத்தான் எரியும். எந்நேரமும் வெளிச்சத்துல கிடந்தா ஒயின் கெட்டுப்போகும்.

— விளக்கு கிடக்கட்டும், அது யார் மேல விழப்போகுது, அதைச் சொல்லு. நம்ம கபர்னே ஒயின் பாட்டில் ஒல்லி, மூணு அங்குல அறை போதும். நடுவுல முப்பத்தாறு அறை, அத்தனையும் மூணரை. இடுப்பு பெருத்த பாட்டில் இந்த வாலா வாலா ஊர்ல யார்கிட்ட இருக்கு?

— பினோ ஒயின் போடற எல்லார்கிட்டயும் இருக்கு.

— பக்கத்துத் தோட்டத்து ஒக்டாவியோகிட்ட இருக்கு. வாயைத் திறந்து சொல்லேன்.

— அவருக்குத்தான். நாளைக்கு பாட்டில் வருது.

— பாத்தியா. ஒரு மாசமா வயிறு எரியுது, சும்மா எரியல. அவன் பார்பிக்யூ விருந்துக்கு வந்தா முதலாளியம்மா முகமே மலருது. "உன் பினோ பட்டு மாதிரி இருக்கு, ஒக்டாவியோ." நான் பீப்பாயிலேர்ந்து ஊத்திக் குடுத்தா? "நல்லாருக்கு, வெண்டல்." நாய்க்குட்டியைத் தட்டிக் குடுக்கிற மாதிரி.

— உங்களைப் பத்தி மத்தவங்ககிட்ட அவங்க பேசறதை நீங்க கேட்டதில்ல.

— கேக்கவும் வேணாம். வாசல்ல நுழைஞ்சதும் கண்ணுல படற இடம் அவனுக்கு. என் ஒயின் எங்க? தரையோட தரையா.

— தரைகிட்டதான் குளிர்ச்சி மாறாம நிக்கும்.

— கொரின்.

— சரி, சொல்லிடறேன். அந்த முப்பத்தாறும் உங்களுக்குன்னுதான் வரைஞ்சேன்.

— என் பாட்டில் அதுல லொடலொடன்னு ஆடும்.

— பழசு ஆடும். உங்க இருபதாவது விளைச்சலுக்காக, கனமான கண்ணாடியில, அகலமா புது பாட்டில் முதலாளியம்மா சொல்லி வச்சிருந்தாங்க. அந்தக் கண்ணாடியிலேயே உங்க கையெழுத்து. அறுவடை விருந்து வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க.

— வச்சிருந்தாங்களா? இப்ப என்ன?

— செவ்வாய்க்கிழமை தச்சர் ஹோய்ட் அவங்ககிட்ட வந்து நின்னார். "வெண்டல் போன் பண்ணார், நடு வரிசையையும் மூணு அங்குலமாவே வைக்கச் சொல்றார், அகல பாட்டில் இங்க வேண்டாமாம். நான் மரத்தை வெட்டி முடிச்சுட்டேனே"ன்னு.

— உன் வரைபடத்துல அகல அறையைப் பாத்துட்டு, அவன் பாட்டில் உள்ள நுழையக் கூடாதுன்னு சொன்னேன். அவனை நினைச்சு.

— அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? புது பாட்டில் சேதி எப்படியோ உங்க காதுக்கு வந்து, உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டாங்க. அன்னிக்கே ஆர்டரை நிறுத்திட்டாங்க.

— அப்ப ஒக்டாவியோ?

— வெட்டின மரம் வீணாப் போக வேண்டாமேன்னு புதன்கிழமை காலையில அவரைக் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் இந்தச் சுவர் பேச்சுல அவர் பேரே வரல, வெண்டல்.