மறுமுனையில் நின்ற மடிப்பக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபையின் மூப்பர் அவர்களே, மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, ஈரக் கையைத் துடைத்த கையோடு ஓடி வந்திருக்கும் என் சலவைப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அத்தான் அவர்களே, அவருடைய அருமை மகளே! உங்கள் எல்லோருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும்.

எனக்கு வாய்ப்பேச்சு வரும், மேடைப்பேச்சு வராது. "சுருக்கமா ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கிடும்மா" என்று மூப்பர் ஐயா காதோடு சொல்லித்தான் என்னை ஏற்றிவிட்டார். என் வாயைப் பற்றி அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! பார்ப்போம் ஐயா, முடிந்தவரை சுருக்குகிறேன்.

யாரை இழந்துவிட்டு இந்த ஆலய முற்றத்துப் பந்தலில் கூடியிருக்கிறோம்? ஒரு மருத்துவமனை ஊழியரையா? பாடல் வேளையில் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து எல்லோருக்கும் பின்னால் முடிக்கும் ஒரு சபை உறுப்பினரையா? நாங்கள் மடிப்பக்காவை இழந்திருக்கிறோம். அந்தப் பெயரை வைத்தவள் நான். பிறகு நோயாளிகளின் படுக்கைப் பிரிவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அதே பெயர்தான். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் வேலை எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியாது. படுக்கை விரிப்பு ஒன்றை ஒரே ஆள் ஒழுங்காக மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். விரிப்பை உதறுவோம், இழுத்துப் பிடிப்போம், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். என் கையிலிருக்கும் மூலைகள் அவள் கைக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் செய்ததெல்லாம் இந்த நடைதான்.

அந்த மூலைகள் கைமாறும் நொடியில் அக்கா ஒரு வரி சொல்லுவாள். வாய்விட்டு, சத்தமாக! "இதுல படுக்குறவங்களுக்கு வலி குறையட்டும் ஆண்டவரே." அடுத்த விரிப்பு. "இதுல படுக்குறவங்களப் பாக்க யாராவது வரணும் ஆண்டவரே, தனியா கிடக்க விட்டுறாதேயும்." எந்த விரிப்பும் வெறும் விரிப்பாகப் போனதில்லை. ஒருநாள் மேற்பார்வையாளர் எங்களைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினார். முடித்துவிட்டு நகர்ந்துவிட்டார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மூலைகளை வாங்கிக்கொண்டே, "ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு வயித்துல என்ன எரியுதோ, கொஞ்சம் அணைச்சு விடும்" என்றாள். அவர் நகரவில்லை, அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்! சிரிப்பை அடக்க முடியாமல் அவரே வெளியே ஓடிவிட்டார். இதோ, அவரும் இங்கே இருக்கிறார். சிரிக்கலாம் ஐயா, அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நான் கேட்டிருக்கிறேன். "ஏன்க்கா, ஞாயித்துக்கிழமை ஆலயத்துல கேட்டா பத்தாதா? மிஷின் சத்தத்துல எதுக்கு இந்தப் பாடு?" அதற்கு அவள் சொன்னதைக் கேளுங்கள். "ஞாயித்துக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போறேன். மத்த நாள்ல அவரு என் வீட்டுக்கு வர்றாரு. வந்தவர வாசல்லயே நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? அடுப்படிக்கே வாரும்னு கூப்பிட்டுட்டேன்."

கூப்பிட்டுத்தான் வைத்திருந்தாள்! அந்தச் சின்ன வீட்டில் ஆண்டவரோடு அவள் பேசாத மூலை கிடையாது. பால் பொங்கி வழிந்தால் அவரிடம் புகார். ரொட்டி கருகாமல் வந்தால் அவருக்கு ஸ்தோத்திரம். பாத்திரம் கழுவும் தொட்டிமேல் காலை வெயில் விழுந்தால், போட்டது போட்டபடி நின்று கையை வெயிலில் காட்டிக்கொண்டிருப்பாள். "இதுக்கெல்லாம் யாரு பில்லு கட்டுறா சொல்லு?" என்பாள். இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் அன்று நடந்த ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும், அது அவள் வீட்டுச் சட்டம். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், பஸ் ஓட்டுகிறவர். ஆலயத்துக்கு அவளைக் கூட்டி வருவார், உள்ளே வரமாட்டார், மதில்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவரிடமும் கேள்வி வரும். "பஸ்ஸு கிளம்புச்சு, பஸ்ஸு நின்னுச்சு, இதுல என்ன நல்லது?" என்பார் அத்தான். "நின்னுச்சுல்ல? பிரேக் பிடிச்சுதுல்ல? அதுதான்யா நல்லது!" என்று கையெடுத்துக் கும்பிடுவாள் அக்கா. நான் அந்த மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு சிரித்துக்கொண்டு நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குப் போனேன். முதல் விரிப்பை எடுத்தேன். கை பழகின கை அல்லவா? மறுமுனையைப் பிடி என்று வீசிவிட்டேன். பிடிக்க ஆளில்லை. தரையில் விழுந்தது. தரையில் பட்டது எதுவானாலும் மறுபடி சலவைக்குப் போக வேண்டும், அது எங்கள் விதி. அடுத்ததையாவது பார்த்து எடுத்தேனா? அதையும் வீசினேன்! அன்றைக்கு நான் வீசி வீசி விழுந்த விரிப்புகளைத் திட்டாமல் பொறுக்கிக் கூடையில் போட்டவர் யார் தெரியுமா? அதே மேற்பார்வையாளர்தான். அவர் கண்ணும் சரியில்லை, என் கண்ணும் சரியில்லை.

சபையாரே, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தியம் என்று நினைத்தாலும் நினையுங்கள். விரிப்பை உயர்த்திப் பிடிக்கும்போது எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. அடியில் கால் மட்டும் தெரியும். அவளுடைய தேய்ந்த செருப்பையும் வலது பாதத்தைச் சற்றே வெளியே திருப்பி நிற்கும் நிலையையும் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். இப்போது மறுமுனையில் வேறொருத்தி நிற்கிறாள், நல்ல பெண். ஆனாலும் ஒவ்வொரு விரிப்பும் மேலே போகும்போது நான் அடியில் பார்க்கிறேன். சில நேரம் அந்தக் கால்கள் தெரிகின்றன. விரிப்பு கீழே இறங்கினால் அக்கா இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்காமலிருக்கவோ அதைவிடப் பயமாக இருக்கிறது.

என் கதி இதுவென்றால் அந்த வீட்டின் கதி என்ன? போன வாரம் நானும் போதகர் ஐயாவும் போனோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அக்கா கடைசியாகக் காயப்போட்ட துணிகள் அப்படியே கொடியில்! மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, காற்றில் ஆடிக்கொண்டு. யாரோ உள்ளே இருப்பதுபோல அத்தானின் சட்டைக் கை அசைகிறது. பக்கத்து வீட்டார் அந்தப் பக்க ஜன்னலையே சாத்திவிட்டார்களாம். மகள் எடுக்கப் போனபோது, வாழ்நாளில் அவளை அதட்டாத அப்பா, "கை வைக்காத!" என்று கத்தியிருக்கிறார்.

பிறகு அத்தான் என்னிடம் வந்தார். அவர் கேட்டதை இங்கே சொல்லலாமா என்று இன்று காலையிலும் அவரிடம் கேட்டேன். "சொல்லும்மா. அங்க வர்ற யாருக்காவது தெரிஞ்சிருந்தா சொல்லட்டும்" என்றார். அதனால் சொல்கிறேன்.

"உன்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவா. என் சட்டைய மடிக்கும்போது என்ன ஜெபம் பண்ணுவான்னு சொல்லியிருக்காளா?"

"ஏன் அத்தான், நீங்க கேட்டதில்லையா?"

"பொண்ணு துணிய எடுத்தா, 'இவ வழியில காவலா இரும்'னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுவா. பக்கத்து வீட்டுத் துணி காத்துல பறந்து வந்தாக்கூட ஒரு வரி சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பா. என் சட்டைய எடுத்தா மட்டும் சத்தமே வராது. உதடு அசையும், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால நின்னு எத்தனையோ தடவ காது கொடுத்திருக்கேன். அப்பல்லாம் நான் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன். இப்ப அதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இந்த ஆளுக்காகக் கேட்டு என்ன பிரயோஜனம்னு என்னைய விட்டுட்டாளா? அந்தச் சட்டைய எடுத்துட்டா அதோட முடிஞ்சுபோச்சும்மா. அப்புறம் எனக்குத் தெரியவே தெரியாது."

சபையாரே, உங்களில் யாருக்காவது தெரியுமா? அக்கா யாரிடமாவது சொன்னாளா? அவளோடு பாடியவர்களே, அவளோடு ஜெபித்தவர்களே, தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

இல்லை. எனக்கும் தெரியாது, அத்தான்.

ஒரு பெரியவர், யாரென்று சொல்ல மாட்டேன், ஆனால் மேடையில்தான் இருக்கிறார், எனக்கு ஒரு யோசனை சொன்னார். "'நீங்க ஆலயத்துக்குள்ள வரணும்னுதான் ஜெபிச்சா'ன்னு சொல்லிடும்மா. மனுஷன் உள்ள வந்துடுவாரு, நல்லதுதானே?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முடியாது ஐயா! திட்டுவதைக்கூட ஆண்டவரிடம் சத்தமாகச் சொன்னவள் அவள். அவள் சொல்லாததை அவள் வாயில் வைக்க நான் யார்? அவள் பெயரில் ஒரு பொய் சொல்லித்தான் ஆலய வாசலுக்குள் ஒருவரை அழைக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் மதில்மேலேயே உட்காரட்டும். மழை வந்தால் நான் குடை கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சலவைப் பிரிவின் சார்பில் இந்தச் சபை முன்னால் ஒன்றை வாக்குக் கொடுக்கிறேன். இனி எங்கள் அறையிலிருந்து ஒரு விரிப்பும் ஊமையாக வெளியே போகாது. படுக்கப் போகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும் மூலை கைமாறும்போது எங்களில் ஒருவர் ஒரு வரி சொல்லுவார். எனக்கு அக்காவைப்போல அழகாகச் சொல்ல வராது. நேற்று, "ஆண்டவரே, இவங்களயாவது எழுப்பி வீட்டுக்கு அனுப்பும்" என்று சண்டை போடுவதுபோலத்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் சிலர் அத்தான் வீட்டுக்குப் போகிறோம். கொடியிலிருப்பதை இறக்கத்தான் போகிறோம். விரிப்பு, துண்டு, மகளின் துணி எல்லாவற்றையும் நாங்கள் மடிக்கிறோம். அத்தான், உங்கள் சட்டையை நாங்கள் தொட மாட்டோம், அது எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதற்குப் பக்கத்தில் அக்காவின் பூப்போட்ட உடுப்பு ஒன்று தொங்குகிறது. அதையும் நாங்கள் தொட மாட்டோம். அதை நீங்கள் எடுங்கள். கையில் வைத்து நீங்களே மடியுங்கள். மடிக்கும்போது அவளுக்காக ஒரு வரி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சத்தம் வந்தால் ஆண்டவர் கேட்பார். உதடு அசைந்தும் சத்தம் வராமல் போனால், அப்புறம் நீங்கள் 'என்னைய விட்டுட்டாளா' என்ற அந்தக் கேள்வியை என்னிடமோ வேறு யாரிடமோ கேட்க வேண்டியிருக்காது, அத்தான்.