நரை போய்ச் சிறை வந்தது

— செருப்பைக் கழட்டும்மா. சொன்னாக் கேளு.

— ஏன்டா, நேத்து வரைக்கும் இதே செருப்பை மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் தனியாத்தானே சுத்தினேன்?

— நேத்து வரைக்கும் உனக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னிக்குக் கண்ணாடியில பாத்தியா?

— பாக்காம என்ன? தூங்கி எழுந்தேன், நரையைக் காணோம். பல் வந்திருக்கு. முட்டி வலி போன இடம் தெரியல. காலையிலேர்ந்து மாடிப்படியை ஏறி ஏறி இறங்கறேன். இருபத்திரண்டு வயசுக் காலை வச்சுக்கிட்டு மூலையில உக்காருங்கறியே.

— அதான் பயமா இருக்கு. பேப்பர் போடறவன் உன்னையே பாத்துக்கிட்டு சைக்கிளோட சாக்கடையில விழுந்தான்.

— விழுந்தது அவன். அடைபடறது நானா?

— வயசுப் பொண்ணு பொழுது சாயற நேரத்துல தனியாப் போனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

— யாருடா வயசுப் பொண்ணு? உன்னைப் பெத்தவடா நான்.

— அதை ஒவ்வொருத்தன்கிட்டயும் நின்னு சொல்லுவியா?

— போன வாரம் கொட்டற மழையில உனக்கு மாத்திரை வாங்க என்னைத் தனியாத்தானே அனுப்பினே? அன்னிக்கு எங்கடா போச்சு இந்தக் கரிசனம்?

— அன்னிக்கு உன்னை யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்கம்மா.

— நல்லாச் சொன்னே. சரி, கேளு. ஆஸ்பத்திரியில கிடக்கறாளே என் சிநேகிதி, டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலி அவ. ஏழு மணிக்கு அவளை அவ மக ஊருக்குக் கூட்டிட்டுப் போறா. போனா திரும்ப மாட்டா, அது அவளுக்கே தெரியும். ஒரு தடவை கையைப் புடிச்சுட்டு வந்துடறேன்டா.

— இந்த முகத்தோட போய் நின்னா அவங்களுக்கு உன்னைத் தெரியுமா?

— முகம் எதுக்கு? என் குரல் போதும் அவளுக்கு.

— அப்போ போன்ல பேசு.

— அவளால போனைக்கூடப் புடிக்க முடியலடா.

— எனக்குக் கடைக்கு நேரமாச்சு. வாசக்கதவுச் சாவி உன் மருமக கையில இருக்கும். இந்தாடி, புடி. நான் வர்ற வரைக்கும் அம்மாவை வெளிய விடாதே.

— சரிங்க.

— போயிட்டானாம்மா?

— தெருமுனை தாண்டிட்டார், அத்தை.

— நல்லவேளை, நீ இருக்கே. திற, அவன் வர்றதுக்குள்ள ஓடி வந்துடறேன். பெத்தவளையே பூட்டி வைக்கறான் பாரு. இந்தப் புத்தி இவனுக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ.

— நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எனக்கும் இதே வயசுதான், அத்தை.

— இருக்கட்டும், அதுக்கென்ன இப்போ?

— கூடப் படிச்சவளுக்குக் கல்யாணம்னு கிளம்பி இதே இடத்துல நின்னேன். "வயசுப் பொண்ணு தனியாப் போகக் கூடாது, பரிசை என் கையில குடு, நான் போய்க் குடுத்துட்டு வர்றேன்"னு சொன்னது உங்க பையன் இல்ல.

— அது உன் நல்லதுக்குச் சொன்னதும்மா.

— அவரும் அதைத்தான் சொல்லிட்டுப் போறார்.

— சரி, தப்புதான். இப்போ வாதாட நேரமில்ல, மணி ஆறரை ஆகப் போகுது. திறம்மா.

— இதோ திறந்துட்டேன். கொஞ்சம் வழி விடுங்க. அடுப்புல பால் இருக்கு, பொங்கிடாமப் பாத்துக்கங்க.

— நீ எங்க கிளம்பறே?

— எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு, அத்தை, தனியாப் போகலாம். உங்க சிநேகிதிகிட்ட என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.