அரை வயிற்றின் பணிவு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் ஒருநாளும் தவறியதில்லை, இன்ஸ்பெக்டர். அளவும் தவறியதில்லை. அங்கிருந்து தொடங்குவதே முறை.

ஓய்வு பெறும்வரை தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். ஆய்வுக்கூடத்து வெள்ளெலிகளுக்கு உணவைக் குறைப்போம். பசி நீடித்தால் மூளையின் இரசாயனம் மாறுகிறது. எலி முதலில் ஓய்வின்றி ஓடும். பிறகு ஒரு பருக்கைக்காக எதையும் செய்யும். வயிறு நிறைந்த எலிக்கு அந்தப் பருக்கை ஒரு பொருட்டன்று.

பூதலூர் வீட்டில் நானும், மனைவியை இழந்த என் அண்ணன் பஞ்சநதமும் மட்டுமே. குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததும், எங்கள் வாய்க்கால்கரை நிலத்தை உழும் ஐயாவுவின் பெயரைப் பதிந்து தருவதாக அண்ணன் வாக்களித்தார். பதிந்துவிட்டால் ஐயாவுவை அங்கிருந்து வெளியேற்ற இயலாது. நான் மறுத்தேன்.

"உழுறவன் அவன்தானே, மங்களம்? நாம வரப்புல குடை புடிச்சு நின்னதோட சரி" என்று சிரித்தார்.

ஆடியில், உடல் பருத்திருப்பதாகக் கூறி வைத்தியர் அவருடைய சோற்றைக் குறைக்கச் சொன்னார். நான் மேலும் குறைத்தேன். சமையலறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. ஐப்பசியில் அண்ணன் கூடத்தில் ஓயாமல் நடந்தார். கார்த்திகையில் சட்டை தோளில் நில்லாமல் நழுவியது. செய்தித்தாளைத் தொடுவதில்லை, சாப்பாட்டைப் பற்றியே பேசினார். மார்கழியில், ஐயாவு குத்தகைதாரர் அல்லர், வெறும் கூலியாள் என்னும் மனுவில் ஒரு தோசைக்காகக் கையெழுத்திட்டார்.

"தொட்டுக்க ஏதாச்சும் இருக்கா?" என்று மட்டுமே கேட்டார்.

விசாரணை தை மாதத்தில் வரவிருந்தது. அங்கே அண்ணன் நேரில் பேச வேண்டும். அதற்குள் வயிறு நிறைந்தால் அவர் பேச்சு மாறிவிடும்; அவரே இல்லாவிட்டாலும் மனு மாறாது.

மனுவைப் பற்றி அறியாத ஐயாவுவும் அவர் மனைவி பொன்னுத்தாயும் வழக்கம்போல் பொங்கலன்று புத்தரிசி கொண்டுவந்தார்கள். அண்ணனைக் கண்ட பொன்னுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, ஐயா இப்படி எளைச்சிட்டாங்க? இன்னைக்காவது வயிறாரச் சாப்பிடட்டும்மா."

நெடுநாள் பசித்த உயிருக்கு ஒரேயடியாக உணவிட்டால் இதயம் தாங்காது. ஆய்வுக்கூடத்தில் சில எலிகளை அப்படி இழந்திருக்கிறோம். அந்த அரிசியை நானே பொங்கி, நானே இலை போட்டேன். போதும் என்று அவர் சொல்லும்வரை பரிமாறுவது என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இறந்தார்.

அரிசியில் விஷம் கலந்ததாக ஊர் சொல்ல, நீங்கள் ஐயாவுவைக் கைது செய்தீர்கள். அது பிழை. பிழையான அறிக்கை நிலைப்பதை நான் அனுமதிப்பதில்லை. அண்ணனைக் கொன்றவள் நான்.

ஆனால் பட்டினி போட்டதாக மட்டும் எழுதாதீர்கள். ஒருவேளைகூட நான் அவருக்குச் சோறு போடாமல் இருந்ததில்லை.