வெட்டாற்றங்கரைக்கும் மாங்காலுக்கும் நடுவில் வண்டி நின்ற பதினெட்டு நிமிடம்

இருப்புப்பாதை காவல் நிலையம், தஞ்சாவூர். 12.12.2024, வியாழக்கிழமை, காலை 11.20 மணி. உதவி ஆய்வாளர் செம்மொழி விசாரித்துப் பதிவு செய்தது.

என் பெயர் ஈஸ்வரி, வயது 44, கணவர் பெயர் குஞ்சிதபாதம். திருவாரூர் மாவட்டம் தேவன்வெளி கிராமம், கீழத்தெரு, கதவு எண் 2/61-ல் குடியிருந்து வருகிறேன். என் கணவர் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறார். நான் தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். கடைக்குப் போக தேவன்வெளி ஹால்ட்டில் காலை 7.32-க்கு வரும் பாசஞ்சர் வண்டியில் ஏறுவேன். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன்.

இறந்துபோன வைரக்கண்ணு என்பவர் எனக்கு உறவு இல்லை. அவர் ஊர் எனக்கு அடுத்த நிறுத்தமான ஆனைக்கால். தஞ்சாவூரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். வயது 57 என்பது ஆஸ்பத்திரியில் எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருடமாக இஞ்சினிலிருந்து நாலாவது பெட்டியில் ஒன்றாகப் போய் வந்தோம். நான் முதலில் ஏறுவதால் அவருக்கு எதிர் சீட்டில் பையை வைத்து இடம் போட்டு வைப்பேன், சாயங்காலம் அவர் எனக்குப் போட்டு வைப்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

அந்த வண்டி எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் வர ஒரு மணி நேரம் ஆகும். ஓடுகிற நேரம் நாற்பது நிமிடம்தான் இருக்கும். மீதி நேரம் நிற்கும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் செம்பியன்நத்தம் ஸ்டேஷனில் எதிரே வரும் எக்ஸ்பிரஸ் தாண்டிப் போகும்வரை பக்கத்து லைனில் ஒதுங்கி நிற்கும். தினமும் 7.52-க்கு உள்ளே போய் 8.05-க்குக் கிளம்பும். அந்தப் பதிமூன்று நிமிடத்தில் நாங்கள் டிபன் சாப்பிட்டுவிடுவோம்.

சென்ற 19.11.2024 செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல ஏறினேன். 7.41-க்கு ஆனைக்காலில் வைரக்கண்ணு ஏறினார். உட்காரும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். கேட்டதற்கு, ராத்திரி சரியாகப் படுக்கவில்லை, சுளுக்கு என்றார். அதன் பிறகு 7.52-க்கு வண்டி செம்பியன்நத்தத்தில் ஒதுங்கியது. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன், அவர் திறக்கவில்லை. 8.05 ஆகியும் எக்ஸ்பிரஸ் வரவில்லை. 8.15 இருக்கும்போது அவர் சட்டை முதுகுப் பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. அன்று மழை மப்பாக இருந்தது, வெக்கை இல்லை. நான் மருந்துக் கடையில் இருப்பவள் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. "இறங்கிடலாமாண்ணே, ஏதாவது ஆட்டோ பாப்போம்" என்று கேட்டேன். "வாயுத் தொல்லைதாம்மா. எக்ஸ்பிரஸ் போனதும் கிளம்பிடும்" என்றார். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ கிடையாது. மெயின் ரோடு மூன்று கிலோமீட்டர். அதனால் நானும் வற்புறுத்தவில்லை. அப்போது இறக்கியிருக்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இறக்கியிருக்கலாம்.

அதன் பிறகு எக்ஸ்பிரஸ் தாண்டிப் போய் 8.31-க்கு எங்கள் வண்டி கிளம்பியது. 8.40-க்கு வெட்டாற்றங்கரை ஹால்ட்டில் நின்று ஒரு நிமிடத்தில் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வைரக்கண்ணு இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஹம்தான் என்ற பையன் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவர் தஞ்சாவூரில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, சட்டையில் வழிந்தது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எங்கள் கடையில் எந்த வரிசையில் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கத் தெரியும். என் பையில் ஒன்றும் இல்லை. பெட்டியில் இருந்தவர்களிடம் கேட்டேன், யாரிடமும் இல்லை.

அதன் பிறகு நான் எழுந்து அபாயச் சங்கிலியைப் பிடித்தேன். வைரக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்து, "நிறுத்தாதம்மா. இதோ தஞ்சாவூர். போயிடலாம்" என்றார். இதுதான் அவர் சொன்னது. நான் சங்கிலியை இழுத்தேன். அப்போது மணி 8.44. வண்டி முழுதாக நின்றபோது 8.45.

ஏன் இழுத்தாய் என்று கேட்கிறீர்கள். வண்டி நின்றால் யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். யார் வருவார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் சம்பா நடவு. வயலில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு பக்கம் வாய்க்கால், அதன் கரையில் ஒரு ஆள் நடக்கலாம், சைக்கிள் போகாது. தார் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஹம்தான் 108-க்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அதில் பேசிய பெண் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். ரயிலில் இருக்கிறோம் என்றேன். எந்த ஸ்டேஷன் என்றார். ஸ்டேஷன் இல்லை, வயலில் நிற்கிறது என்றேன். பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ தெரிகிறதா என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொக்கு நின்றது, ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. அதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் பொறுத்து, வண்டி கிளம்பியதும் தஞ்சாவூருக்கே கொண்டுவாருங்கள், பிளாட்பாரத்தில் ஆம்புலன்ஸ் ஆட்கள் நிற்பார்கள் என்றார்.

அதன் பிறகு கார்டு கடைசிப் பெட்டியிலிருந்து ஜல்லியில் நடந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யார் இழுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் வைரக்கண்ணுவைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. "இங்க நிறுத்தி என்னம்மா பண்ணுறது" என்று மட்டும் கேட்டார். பிறகு இஞ்சினிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டிக்கு வெளியே ஏதோ ஒரு பிடியைத் திருப்பி வைத்து, பிரேக்கில் காற்று ஏறினால்தான் வண்டி நகரும் என்றார்கள். அவர்கள் அவசரமாகத்தான் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

அந்த நேரம் முழுவதும் வைரக்கண்ணுவின் தலை என் மடியில் இருந்தது. ஹம்தான் அவர் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் ஜோடியாக வைத்தார். ஒரு கையால் நெஞ்சைத் தடவிவிட்டேன். இன்னொரு கையை அவர் பிடித்திருந்தார். 8.55-க்கு ஒரு தடவை அழுத்தினார். 9.03-க்கு வண்டி கிளம்பியபோது நான் அவர் கையை அழுத்தினேன், அவர் திரும்ப அழுத்தவில்லை. எந்த நிமிடத்தில் மூச்சு நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அதன் பிறகு வண்டி மாங்கால் ஹால்ட்டிலும் நின்றது. அது அங்கே நிற்க வேண்டிய வண்டி. பூக்கூடையோடு இரண்டு பெண்கள் எங்கள் பெட்டியில் ஏறினார்கள், பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். 9.17-க்கு தஞ்சாவூர் வந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் பிளாட்பாரத்தில் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் பரிசோதித்து, வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொன்னார். இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு வைரக்கண்ணுவின் பட்டன் போனில் "வீடு" என்று இருந்த நம்பருக்கு நான்தான் பேசினேன். அவர் மனைவி அம்சம் எடுத்தார். அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். இறந்துவிட்டதை நான் சொல்லவில்லை. அவர், "நீங்க தேவன்வெளி ஈஸ்வரியா? உங்களைப் பத்தி சொல்லுவாரு" என்றார். எந்த பஸ்ஸில் வருவது என்று என்னிடமே கேட்டார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று நான் கடைக்குப் போகவில்லை.

அதன் பிறகு 24.11.2024 ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்க ஆனைக்காலுக்கு என் கணவருடன் போனேன். மகன் சதீஷ் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அம்சம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கடைசியா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டார். நான் நடந்தபடி சொன்னேன். நிறுத்தாதே, போய்விடலாம் என்று சொன்னதையும் சொன்னேன். சதீஷ், "அப்பா வேணாம்னு சொல்லியும் ஏன் இழுத்தீங்க?" என்று கேட்டார். என் கணவர் போகலாம் என்று எழுந்தார். வாசலில் வைத்திருந்த காபியை நாங்கள் குடிக்கவில்லை.

28.11.2024 அன்று சதீஷ் இந்த நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். நான் காரணமில்லாமல் சங்கிலியை இழுத்து வண்டியைத் தாமதப்படுத்தியதால் தன் தகப்பனார் இறந்தார் என்று அதில் இருப்பதாக நீங்கள் படித்துக் காட்டினீர்கள். காரணம் இருந்தது. தாமதமானதும் உண்மைதான். பதினெட்டு நிமிடம்.

மனு விவரம் தெரிந்ததும் ஹம்தான் வண்டியில் என்னிடம், "அக்கா, பெட்டியில இருந்தவங்க எல்லாரும் சொல்லித்தான் இழுத்தேன்னு சொல்லிடுங்க. நாங்களும் அப்படியே சொல்றோம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆனால் யாரும் என்னை இழுக்கச் சொல்லவில்லை. வைரக்கண்ணு சொன்னது தன் காதில் விழவில்லை என்று ஹம்தான் உங்களிடம் சொல்லியிருப்பதாகவும், வேறு யார் காதிலும் விழவில்லை என்றும், நீயாகச் சொல்லாவிட்டால் அதற்கு வேறு சாட்சி இல்லை என்றும், அது நிச்சயம்தானா, யோசித்துச் சொல் என்றும் நீங்கள் என்னிடம் இரண்டு தடவை கேட்டீர்கள். நிச்சயம்தான். அவர் சொன்னார். எனக்குக் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த பிறகு, 09.12.2024 திங்கட்கிழமை காலை வண்டி ஆனைக்காலில் நின்றபோது அம்சம் பிளாட்பாரத்தில் நின்றார். டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நாலாவது பெட்டியில் ஏறி என்னைத் தேடி வந்து எதிரே உட்கார்ந்தார். அந்த இடத்தில் நான் பை வைத்திருக்கவில்லை, காலியாகத்தான் இருந்தது. அவர் இந்த வண்டியில் அதற்கு முன் வந்ததே இல்லை என்று சொன்னார். செம்பியன்நத்தத்தில் பதிமூன்று நிமிடம் நின்றது. "இங்கதான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எக்ஸ்பிரஸ் தாண்டிப் போனபோது ஜன்னல் அதிர்ந்தது, அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

வண்டி கிளம்பிய பிறகு, "மனுவை எம்மவன் எழுதுனான். நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றார். சரிங்க என்றேன். "அவரு சொன்னதை எங்கிட்ட சொல்லாம விட்டிருக்கலாம்ல நீங்க" என்றார். "நீங்க கேட்டீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெட்டாற்றங்கரை தாண்டியதும் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். மோட்டார் கொட்டகை தெரிந்ததும் நான் கையை நீட்டினேன். அங்கே வண்டி நிற்பதில்லை என்பதால் வேகமாகப் போனது. "எங்கங்க?" என்றார். "போயிடுச்சு" என்றேன்.

அம்சம் தன் செல்போனை எடுத்து மணி பார்த்தார். 8.20. அதை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மாங்காலில் ஒரு நிமிடம் நின்று கிளம்பியது. தஞ்சாவூர் பிளாட்பாரத்தில் வண்டி நின்றதும் மறுபடி மணி பார்த்தார். "அந்த எடத்துலேர்ந்து பதிமூணு நிமிஷம்" என்றார். நான் ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் இறங்கி, திரும்பிப் போகும் வண்டி எந்த பிளாட்பாரம் என்று என்னிடம் கேட்டார். நான் கூட்டிக்கொண்டு போய் காட்டினேன். அது கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. உட்காரும் பெஞ்சில் இடம் இருந்தும் அவர் நின்றார், நானும் நின்றேன். அவர் ஏறும்வரை இருந்துவிட்டு அதன் பிறகு கடைக்குப் போனேன்.

நான் வாயால் சொன்னதை எழுதி, எனக்குப் புரியும்படி வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்திலும் கூடவோ குறையவோ இல்லை. யாருக்கும் பயந்தும் யார் சொல்லியும் நான் இதைச் சொல்லவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) கு. ஈஸ்வரி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) செம்மொழி, உதவி ஆய்வாளர்
பிற்பகல் 1.05 மணி