உச்சியைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன்

அவித்த முட்டையை எப்போதும் பையின் மேல்பக்கம்தான் வைக்க வேண்டும். நம் மலையேற்றச் சங்கத்தில் இதை நான் சொல்லாத வருஷமில்லை, ஒருத்தரும் கேட்டதில்லை. அடியில் திணித்துவிட்டு, கூடாரம் போடுகிற இடத்தில் பையைத் திறந்து, நசுங்கிப்போச்சே என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். என்னமோ நான் ஏறி மிதித்த மாதிரி. அதனால்தான் எல்லோருடைய பையையும் நானே கட்ட ஆரம்பித்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. முட்டைக்காகத்தான்.

செயலாளரம்மா, நீங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ். நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பீர்கள். இதையும் அப்படியே படியுங்கள். போன கூட்டத்தில் நான் வாயால் சொன்னபோது எல்லோரும் சிரித்தீர்கள். நீங்கள் சிரிக்காத மாதிரி இருமினீர்கள். "எழுதிக் குடுங்க ஐயா, கமிட்டியில வச்சுப் பேசலாம்" என்றீர்கள். எழுதிவிட்டேன். இனி பேசுங்கள்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். யாரையும் நம்புகிற வழக்கம் இல்லை. ஊரில் எல்லோரும் நம்பத் தகுந்தவர்களாக இருந்தால் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. பயண அமைப்பாளர் வேலையை இத்தனை வருஷமாக என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம். எந்த மாதம் போவது, எந்தப் பாதையில் ஏறுவது, ஸ்டவ்வை யார் சுமப்பது, குறட்டை விடுகிற பேக்கரிக்காரர் பக்கத்தில் யாரைப் படுக்கப் போடுவது, எல்லாம் நான் சொன்னால் சொன்னதுதான். பைகளின் ஜிப்புக்குச் சின்னப் பூட்டு போடும் வழக்கத்தையும் நான்தான் கொண்டுவந்தேன். குரங்குத் தொல்லை என்று சொன்னேன். நம்பினார்கள். சாவிகள் என் இடுப்பில் இருந்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மலையின் உச்சியில் ஒரு கற்குவியல், அதன் நடுவில் ஓர் இரும்புக் கம்பி, கம்பியில் 'உச்சி' என்று எழுதிய தகரப் பலகை. சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நட்டது. அந்தக் குவியலைக் கையால் தொட்டால்தான் மலை ஏறிய கணக்கு. தொடுவோம், டீ போடுவோம், படம் எடுப்போம், இறங்குவோம். நம் ஆட்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அவர்கள் மலையைப் பார்த்து ஏறுகிறவர்கள் இல்லை. பலகையைப் பார்த்து ஏறுகிறவர்கள்.

உச்சிக்குக் கீழே, கயிறு பிடித்து ஏற வேண்டிய ஒரு வழுக்குப் பாறை இருந்தது. ஒரு வருஷம் அந்தப் பாறைக்கு அடியில் நம் டெய்லர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குத் துணையாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் துணையாக உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். இந்த வயசான மனுஷனை இப்படி வதைக்கிறோமே, இது நியாயமா. மனுஷன் உச்சிக்குப் போக முடியவில்லை என்றால் உச்சிதான் கொஞ்சம் இறங்கி வரட்டுமே.

எல்லோரும் இறங்கின பிறகு குப்பை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது அமைப்பாளர் வேலை. அடுத்த பயணத்தில் எப்படியோ ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்குவதற்கு முன் பைகளைக் கட்டும்போது ஒவ்வொரு பைக்குள்ளும் குவியலிலிருந்து நாலைந்து கல்லை எடுத்து, போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். முட்டையும் ரொட்டியும் தீர்ந்திருந்ததால் இடம் தாராளம். கம்பியைப் பிடுங்கிக் கூடாரக் கம்புகளோடு சேர்த்துக் கட்டி பேக்கரிக்காரர் தோளில் ஏற்றினேன். பலகை என் சட்டைக்குள். மிச்சக் கற்களைக் காலால் தள்ளிவிட்டேன். அன்றைக்குப் பனிமூட்டம். பக்கத்தில் நிற்பவர் மூக்கே தெரியாது.

"இறங்கும்போது பை ஏன் இவ்வளவு கனக்குது?" என்று டெய்லர் கேட்டார்.

"ஈரம் ஏறியிருக்கும்" என்றேன்.

"போர்வை இவ்வளவு ஈரத்தைக் குடிக்குமா?"

"நீங்க தச்ச போர்வைதானே. என்னைக் கேட்டா?"

வழுக்குப் பாறைக்குக் கீழே வந்ததும், குரங்கு ஏதாவது எடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாப் பைகளையும் ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்தேன். கல்லை எடுத்தேன், அடுக்கினேன், கம்பியை நட்டேன். நன்றாகக் கவனியுங்கள். உச்சியைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் நீங்கள் எல்லோரும். செயலாளரம்மா, உங்கள் பையில் இருந்தவை பெரிய கற்கள். உங்களுக்குத்தான் தெம்பு அதிகம். நான் சுமந்தது ஒரு தகரம் மட்டும்.

அதற்குப் பிறகு பனிமூட்டக் காலத்தில்தான் பயணம் என்று விதி போட்டேன். வெயிலில் மயக்கம் வரும் என்று காரணம் சொன்னேன். வருஷா வருஷம் உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வரும். நம் படங்களை எடுத்துப் பாருங்கள், பின்னால் வெளுத்த துணி கட்டின மாதிரி இருக்கும். கடைசி இரண்டு பயணங்களில் உச்சியில் டீ குடிக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. "காத்து தூக்கிட்டு வருது" என்றேன். பேக்கரிக்காரர்கூட, "அடேயப்பா, எவ்வளவு தூரத்துச் சத்தம்" என்று வாயைப் பிளந்தார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். எல்லோருக்கும் உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டீர்கள். முன்பு இருட்டும்வரை ஏறினவர்கள் இப்போது சாப்பாட்டுக்கு முன்னாலேயே உச்சியைத் தொட்டோம். ஆண்டுக் கூட்டத்தில் அதற்காக உங்களுக்கு நீங்களே ஒரு கோப்பை கொடுத்துக்கொண்டீர்கள். டெய்லர், தன் உடம்பு இளவட்டத்து உடம்பு ஆகிவிட்டது என்று நம்பி இரண்டாம் கல்யாணமே பண்ணிக்கொண்டார். அதற்கு நான் பொறுப்பில்லை. பெண் நல்ல மாதிரி.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் சகலை சங்கத்தில் சேர்ந்தார். என் மனைவியின் தங்கை புருஷன், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். சேர்ந்த கையோடு உயரம் காட்டுகிற கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். முதல் பயணத்தில் குவியல் பக்கத்தில் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது உச்சி இல்ல."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"உச்சின்னு எழுதியிருக்கு."

"அவ்வளவுதான். படிச்ச வாத்தியார் நீங்க. நீங்களே படிச்சுட்டீங்க. அப்புறம் என்ன?"

அவர் கடிகாரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் இன்னொன்று வாங்கினார். அதுவும் அதையேதான் சொன்னது. மூன்றாவதும் அப்படியே. மூன்று கடைக்காரர்களும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். பாதி நம்பினார்.

ஆனால் ஒரு நாள் என் வீட்டுச் சமையலறையில், அக்கா தங்கை இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, ஒரு தடவை வெயில் காலத்துல போலாமே. உங்க முட்டிக்கு முடியலைன்னா சொல்லுங்க. அமைப்பாளர் வேலையை நான் பாத்துக்கறேன்."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. காலையிலும் சாயங்காலமும் தைலம் தேய்க்கிறேன் என்றால், அது தொழில் பழக்கம். நல்ல பூட்டுக்கும் எண்ணெய் விட வேண்டும்.

அவர் குறி வைத்தது மலையை இல்லை, என் வேலையை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்தச் சங்கத்தில் இன்ன தேதி, இன்ன பாதை என்று நான் சொன்னால் டாக்டரும் எழுந்து நிற்பார், வக்கீலும் எழுந்து நிற்பார். வேறு எங்கேயும் எனக்கு அப்படி யாரும் எழுந்தது கிடையாது. வீட்டில் பூனைகூட எழுந்திருக்காது.

அடுத்த பயணத்தில் நாம் எல்லோரும் குவியலைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தோம். சகலையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மேலேயிருந்து வந்தது.

"அண்ணே, இங்க இன்னும் மலை இருக்கு."

எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள். உச்சியில் நிற்கிறவர்கள் அப்படி நிமிர்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"யாரு அது?" என்றார் பேக்கரிக்காரர்.

"எதிரொலி" என்றேன்.

"எதிரொலி அண்ணேன்னு கூப்பிடுமா?"

"வயசுல சின்ன எதிரொலியா இருக்கும். டம்ளரைக் கழுவி வைங்க, கிளம்பலாம்."

கிளம்பினோம். சகலை முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். அவருடைய பையையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தேன். அதில்தான் அவருடைய கம்பளிச் சட்டை, டார்ச், ரொட்டி எல்லாம் இருந்தன. அங்கே விட்டுவிட்டு வந்தால் குரங்கு எடுத்துவிடும். மறுநாள் காலையில் பால் வண்டியில் வந்து இறங்கினார். சளி மட்டும்தான் பிடித்திருந்தது. பூகோளம் தெரிந்தவர், எப்படியும் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

உச்சிக்கு மேலே உச்சி இருக்கிறது என்று தெருவில் போகிறவரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூத்த மாப்பிள்ளை நான்தானே. உயரத்துக் காற்று சில பேருக்குத் தலையில் இறங்கிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். என் மைத்துனி அழுதாள். இனிமேல் மலைப் பக்கம் போகக் கூடாது என்று அவருடைய பூட்ஸை அலமாரிக்குள் வைத்தாள். அலமாரிக்கு நல்ல பூட்டாகப் பார்த்து நானே மாட்டிக் கொடுத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, இதில் மேலே எது, கீழே எது என்று கேட்டாராம்.

ஒரு சாயங்காலம் சகலை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நான் அன்னைக்கு எங்கதான் போனேன்?"

"கீழ போயிருப்பீங்க தம்பி. பனியில மேல எது கீழ எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"மூச்சு வாங்குச்சேண்ணே. கீழ போனா மூச்சு வாங்குமா?"

"பயத்துல வாங்கியிருக்கும்."

யோசித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். கடிகாரத்தைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் ஆள் தேறிவிடுவார் என்று நினைத்தேன்.

தேறித்தான் விட்டார். பிழை அங்கேதான் வந்தது. போன மாதம் டெய்லர் கடைப் பின்னறையில், நம் கயிறுகளும் தைத்து முடிக்காத கால்சட்டைகளும் ஒன்றாகத் தொங்குகிற அந்தச் சுவரில், சங்கத்தை ஆரம்பித்தவர்களின் பழைய படத்தைச் சகலை பார்த்திருக்கிறார். குவியல், பலகை, பின்னால் வெறும் வானம். இப்போது அதே குவியலுக்கு மேலே பாறை. பலகை பொய் சொல்லாது, தன் கண்ணும் பொய் சொல்லாது. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "நம்ம மலை வளந்திருக்கு."

ஒருத்தராவது, யாராவது பலகையை நகர்த்தியிருப்பார்களோ என்று கேட்டீர்களா. டெய்லர் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்தார். "வளர்ற மலையில ஏறியிருக்கோம்யா" என்றார் பேக்கரிக்காரர், கண்ணில் தண்ணீரோடு. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் அளக்க வருகிறாராம். வளர்ந்த பகுதிக்குச் சகலை பெயரை வைக்கலாம் என்று தீர்மானம் போட்டீர்கள். அதோடு விட்டீர்களா. வெயில் காலப் பயணத்துக்கு அவரையே அமைப்பாளர் ஆக்கி, கயிறு அலமாரிச் சாவியை என் இடுப்பிலிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் என் காலைத் தொட்டு, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்ணே" என்றார். குனிந்து அவரைத் தூக்கிவிட எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அப்போதுதான் எழுந்து உண்மையைச் சொன்னேன். "பெரியவருக்கு வயிறு எரியுது" என்றார் பேக்கரிக்காரர். சகலைகூட என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "உயரத்துக் காத்துண்ணே, சில பேருக்கு அப்படித்தான்" என்றார். என் வீட்டில் என் பூட்ஸைக் காணவில்லை. அலமாரியில் ஒரு பூட்டு தொங்குகிறது. என் பூட்டுதான். திறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பொறாமையில் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். மலையை மறைத்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான். வழுக்குப் பாறைக்கு மேலே போய்ப் பாருங்கள், கம்பியைப் பிடுங்கின குழி இன்னும் இருக்கும். நான் வர வேண்டியதில்லை, வழியை விவரமாகச் சொல்லி அனுப்புகிறேன். பேராசிரியர் வருவதற்குள் முடிவு செய்யுங்கள். மலை ஓர் அங்குலம்கூட வளரவில்லை. கல் கல்லாக, உங்கள் முதுகில் ஏற்றி, அதைக் கீழே கொண்டுவந்தவன் நான். நான் பாடுபட்டுச் செய்ததை இன்னொருத்தர் தன் பெயரில் எழுதிக்கொண்டு போனால், நேர்மையான மனுஷன் எவனாவது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?