சாவி நிறுத்திய வலிப்பு

பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை, இன்ஸ்பெக்டர் சார். ஜீவனஹள்ளியில் என்னைவிடப் பொறுமைசாலி கிடையாது. ஓர் ஓட்டை வாளிக்கு அரை நாள் பேரம் பேசியவன் நான்.

அந்தச் சாவி, யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்தது. சாண் நீளம். அதன் பூட்டு எங்கே என்று வெள்ளைக்காரனுக்கே தெரியாது. எதிர்வீட்டு முனிராஜ் காக்காய் வலிப்பில் விழும்போதெல்லாம் ஓடிப்போய் அதை அவன் கையில் திணிப்பேன். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். சாவி வைக்காவிட்டாலும் நிற்கும் என்றார் டாக்டர். படித்தவர்கள் பலதும் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நீலசந்திராவிலிருந்துகூட வலிப்புப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் காசு வாங்கியதில்லை. கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பழைய இரும்புக்காரனை வேறு யார் கும்பிடுகிறார்கள்?

அப்புறம் அந்த டாக்டர் முனிராஜுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு வருவதே நின்றது. மாசக் கணக்கில் சாவி ஆணியில் தொங்கியது. பூக்காரி சந்திரம்மா பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, துருப் பிடிக்குது? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடேன்" என்றாள். தெருவே சிரித்தது.

மாத்திரைச் சீசாவை என்னிடம் கொடுத்து வைத்தவள் முனிராஜின் மனைவி சரசு. "அவருக்கு மறதிண்ணா. வேலைக்குப் போறப்ப நீங்களே கையில குடுத்துடுங்க. உங்களைத்தான் நம்பறேன்."

நம்பினவளை நான் கைவிடவில்லை. ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். சோடா மாத்திரை. அதே வெள்ளை, அதே அளவு. வயிற்றுக்கும் நல்லது.

என் ஆசை சின்னது. கடை வாசலில், நாலு பேர் பார்க்க, ஒரே ஒரு தடவை விழுவான். சாவியை வைப்பேன். எழுந்துவிடுவான். பிறகு பழைய மாத்திரையையே கொடுத்துவிடலாம்.

ஆனால் அவன், வலிப்பு விட்டுப்போன தைரியத்தில், மறுபடி வெள்ளையடிக்கிற வேலைக்குக் கிளம்பினான். "மாத்திரை இருக்கேண்ணா, ஏணி என்னா பண்ணும்?" என்று சோடா மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனான். தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பான்.

வலிப்புக்கு என் கடை விலாசம் தெரியவில்லை. காக்ஸ் டவுன் பங்களா ஒன்றில், ஏணி மேல், மாடி உயரத்தில் வந்தது. தகவல் கேட்டுச் சாவியோடு ஓடினேன்; என் வயசுக்கு நல்ல ஓட்டம். சரசு எனக்கு முன்னால் போயிருந்தாள். "சீக்கிரம் வையுங்கண்ணா" என்று அவன் விரல்களைப் பிரித்துக் கொடுத்தாள். கை ஜில்லென்றிருந்தது. வைத்தேன்.

மாத்திரையை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மற்றதையும் விடாமல் எழுத வேண்டும். சாவியை வைத்த பிறகு முனிராஜுக்கு வலிப்பு வரவே இல்லை.