இரண்டு மெக்கன்சிகளும் ஒரு ரயிலும்

எழுபது: கோட்ட மடிக்காதடா. ராத்திரி போத்திக்க அது எனக்கு வேணும்.

பன்னிரண்டு: ராத்திரி நீ ரயில்ல இருப்பே.

எழுபது: ரயில் ஏறப் போறவன் நீ. உன் கோட்ட மடி. என்னோடத ஆணியிலயே மாட்டு.

பன்னிரண்டு: வாய மூடு. பேசினா இருமுவே.

எழுபது: பேசாட்டியும் இருமத்தான்... பாத்தியா... வந்துருச்சு...

பன்னிரண்டு: மெதுவா... இந்தா, தண்ணி. துணியக் காட்டு.

எழுபது: ஒண்ணுமில்ல.

பன்னிரண்டு: காட்டுடா.

எழுபது: ரத்தம்தான். இன்னிக்கு நேத்தா வருது? நீ கெளம்பற வேலையப் பாரு. இப்ப மணி மூணு. நாலுக்கு ரயில். கதவுல ஒட்டியிருக்கற பட்டியலப் பாத்தேல்ல? மெக்கன்சி, மர்டோ. நம்பர் பன்னெண்டுல முடியுது. பன்னெண்டு யாரு? நீ.

பன்னிரண்டு: மெக்கன்சி மர்டோ நீயுந்தான்.

எழுபது: நான் எழுபது.

பன்னிரண்டு: சீக்காளிக் கைதிங்கள ஊருக்கு அனுப்பற ரயில்டா இது. எனக்கு என்ன சீக்கு? நேத்துகூட நாள் பூரா கல்லுடைச்சுட்டு வந்து ரெண்டு ஆள் கஞ்சியக் குடிச்சேன்.

எழுபது: அதுல ஒரு ஆள் நான். என் கஞ்சியத்தான் குடிச்சே.

பன்னிரண்டு: நீ வேண்டாம்னு தள்ளினே!

எழுபது: தள்ளினா? ரெண்டு தரம் கேக்க மாட்டியா?

பன்னிரண்டு: சிரிக்காத. சிரிச்சாலும் இருமுவே... அந்த ஜெர்மன் குமாஸ்தா தப்பாத் தட்டியிருக்கான். உன் நம்பருக்குப் பதிலா என் நம்பர். அவ்வளவுதான். சார்ஜென்ட் அர்க்கார்ட்கிட்ட சொல்லியாச்சு. திருத்திட்டு வருவாரு.

எழுபது: எதுக்குடா அவர்கிட்டப் போனே?

பன்னிரண்டு: வேற யார்கிட்டப் போவேன்? ஹிட்லர்கிட்டயா?

எழுபது: முட்டாள்... முழு முட்டாள்.

பன்னிரண்டு: இந்தக் குளிர்காலம் இங்க இருந்தா நீ தாங்க மாட்டேன்னு நம்ம டாக்டர் என் காதுபடச் சொன்னாரு. அக்டோபர் பொறந்தாச்சு. தண்ணித் தொட்டியில காலையில ஐஸ் கெடந்துச்சு. நான் முட்டாளா?

சார்ஜென்ட்: ரெண்டு மெக்கன்சியும் இங்கதான் இருக்கீங்களா? ரொம்ப நல்லது. எவன்டா என் தலையில கல்லத் தூக்கிப் போட்டது?

பன்னிரண்டு: சார்ஜென்ட், திருத்திட்டாங்களா?

சார்ஜென்ட்: திருத்தறதா! குமாஸ்தா மேல தப்பே இல்லைங்கறான். கார்டத் தூக்கி என் மூஞ்சிக்கு முன்னால காட்டினான். நெஞ்சு எக்ஸ்ரே இருக்கு. சல்லடை மாதிரி. அது எழுபதோட நெஞ்சு. ஆனா மேல எழுதியிருக்கற நம்பர் பன்னெண்டோடது. எந்தச் சீக்காளிய ஊருக்கு அனுப்பலாம்னு பாக்க வந்த சுவிஸ் டாக்டருங்க முன்னால நோயாளி தன் வாயால சொன்ன நம்பராம்.

பன்னிரண்டு: தன் வாயாலயா? ... எழுபது?

எழுபது: அந்தத் தண்ணிய எடு.

சார்ஜென்ட்: தண்ணி அப்புறம். பதில் சொல்லுடா. எழுவதுங்கறதுக்குப் பதிலா பன்னெண்டுன்னு நாக்கு பிசகிடுச்சா?

எழுபது: பிசகல, சார்ஜென்ட். தெரிஞ்சுதான் சொன்னேன்.

பன்னிரண்டு: எதுக்கு?

எழுபது: சொன்னேன். அவ்வளவுதான்.

சார்ஜென்ட்: கேட்டியா கதைய! கம்பெனியில பத்தொம்பது மெக்கன்சி. அதுல மர்டோ மட்டும் அஞ்சு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா பாதிப் பட்டாளம் திரும்பிப் பாக்குதுன்னுதான் நம்பரோட வால வச்சு உங்களக் கூப்பிட்டோம். நம்ம மலநாட்டுப் பட்டாளத்துக்கே உள்ள தலையெழுத்து அது. அஞ்சு மர்டோவுல மிச்சம் நீங்க ரெண்டு பேர். இருக்கற ரெண்டையும் நீ கலக்கி வச்சிருக்கே!

பன்னிரண்டு: இப்ப என்ன செய்யணும், சார்ஜென்ட்? அதச் சொல்லுங்க.

சார்ஜென்ட்: சுவிஸ் டாக்டர் இன்னும் ஆபீசுலதான் இருக்காரு. மூணரைக்குக் கெளம்பிடுவாரு. எழுபது தன் காலால அங்க வந்து, நம்பர் பொறிச்ச கழுத்துத் தகட்டக் காட்டி, காய்ச்சல்ல நம்பர மாத்திச் சொல்லிட்டேன்னு சொன்னாப் போதும். பேரு ஒண்ணுதானே, சந்தேகப்பட மாட்டாங்க. நான் சொன்னாச் செல்லாது. அவனே சொல்லணும்.

எழுபது: நான் வரல.

சார்ஜென்ட்: உன்ன யாரும் கெஞ்சல. இது உத்தரவு.

எழுபது: செயின்ட் வாலெரிக் கடற்கரையில ஜெர்மன்காரன் சுத்தி வளைச்சு, துப்பாக்கியக் கீழ போடுன்னு உத்தரவு வந்தப்பவே எனக்கு உத்தரவெல்லாம் கசந்துபோச்சு, சார்ஜென்ட். மூணு வருஷம் ஆச்சு. என்ன செய்வீங்க? ஜெயில்லயா போடுவீங்க?

சார்ஜென்ட்: வாய் மட்டும் குறையல... டேய் பன்னெண்டு, நீ அந்தக் கார்டோட வாசல்ல போய் நின்னா என்ன ஆகும் தெரியுமா? எருமக்கெடா மாதிரி இருக்கே. ஒரு தரம் இருமச் சொல்லுவான். உன் இருமல்ல காவல் கோபுரமே ஆடும். ஆள்மாறாட்டம்னு ரெண்டு பேரையும் இருட்டறையில தள்ளுவான். அந்த ஈரத் தரையில இவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

பன்னிரண்டு: நான் போகவே மாட்டேன், சார்ஜென்ட். அந்தப் பேச்சே இல்ல.

எழுபது: அப்ப அந்த இடம் காலியாப் போகும்.

பன்னிரண்டு: போகட்டும்!

சார்ஜென்ட்: காலியாவா? அடேய், அந்த இடத்துக்கு எத்தன பேர் சாகக் கெடக்கான் தெரியுமா? கால் போனவன், கண்ணு போனவன்... கடைசி நிமிஷத்துல வேற பேரையும் சேக்க மாட்டானுங்க. இருவது நிமிஷம் இருக்கு. வெளியில நிக்கறேன். நீயே பேசு, பன்னெண்டு. இல்ல, தூக்கிக்கிட்டு வா.

எழுபது: போயிட்டாரா?

பன்னிரண்டு: போயிட்டாரு. இப்பச் சொல்லு. எதுக்கு?

எழுபது: உனக்குக் கடன்பட்டிருக்கேன். செயின்ட் வாலெரியில பிடிச்சு, பெல்ஜியம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தானுங்களே, அப்ப என்னத் தோள்ல போட்டு...

பன்னிரண்டு: பொய். நாலு நாள் நான் உன் தோள்ல தொங்கிட்டு வந்தேன். காலெல்லாம் கொப்புளம். நீதான் வயல்ல பூந்து பீட்ரூட்டப் பிடுங்கிட்டு வந்து ஊட்டினே. கணக்குப் பாத்தா கடன் என்மேல.

எழுபது: அப்படியா? மறந்துட்டேன்.

பன்னிரண்டு: ஒண்ணும் மறக்கல நீ. வேற சொல்லு.

எழுபது: நீ திடமா இருக்கே. ஊருக்குப் போனா மறுபடி நம்ம டிவிஷன்ல சேந்துக்கலாம். பாலைவனத்துல ஜெயிச்சாங்க, சிசிலியில ஜெயிச்சாங்க. போற ஊருல எல்லாம் சுவத்துல நம்ம டிவிஷன் பேரோட ரெண்டெழுத்த எழுதிட்டுப் போறாங்களாம். புதுசாப் பிடிபட்டு வந்த ஆள் சொன்னான்ல?

பன்னிரண்டு: அது நாம பிடிபட்டப்புறம் நம்ம பேர வச்சுக்கிட்ட புது டிவிஷன்டா. நம்ம டிவிஷன் இங்க கல்லுடைக்குது.

எழுபது: பொறாமை.

பன்னிரண்டு: பொறாமைதான். அவனுங்களுக்குக் கப்பல் வந்துச்சு. நம்மள ஏத்த வந்த கப்பல் கரைக்கு வர முடியாம கடல்ல பனி மூடிக்கிச்சு... பேச்ச மாத்தாத. சீக்காளின்னு திரும்பிப் போறவன மறுபடி சண்டைக்கு அனுப்ப மாட்டாங்க. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேற சொல்லு.

எழுபது: ஊருல எனக்கு யாரு இருக்கா? அம்மா போயாச்சு. வீட்டுக் கூரை இருக்கோ இல்லையோ. எவன் வந்து என்னப் பாக்கப் போறான்? நான் எங்க செத்தா என்னடா?

பன்னிரண்டு: எனக்கு என்னவா? நீ செத்தா இங்க எனக்கு யாருடா இருக்கா?

எழுபது: மணி என்னடா?

பன்னிரண்டு: மூணே கால். தூக்கிட்டுப் போகத்தான் போறேன்.

எழுபது: தூக்கிட்டுப் போய் நிறுத்து. டாக்டர் முன்னால, நான்தான் பன்னெண்டுன்னு மறுபடி சொல்லுவேன்.

பன்னிரண்டு: கொன்னுடுவேன்.

எழுபது: சிரமப்படாத. அது தானா நடக்கும்.

பன்னிரண்டு: மர்டோ...

எழுபது: பேரச் சொல்லிக் கூப்பிடறே! கடைசியா எப்பக் கூப்பிட்டே? பள்ளிக்கூடத்துலயா?

பன்னிரண்டு: கெஞ்சறேன்டா. காரணத்தச் சொல்லு.

எழுபது: சொன்னா வேலிக்கு ஓட மாட்டியே?

பன்னிரண்டு: வேலிக்கா? எதுக்கு?

எழுபது: சத்தியம் பண்ணு.

பன்னிரண்டு: ஓட மாட்டேன். சொல்லு.

எழுபது: மார்ச்சு மாசம் நான் ஆஸ்பத்திரிக் கொட்டகையில கெடந்தேன்ல? அப்ப ஒரு கடுதாசி வந்துச்சு. உறை நனஞ்சு நம்பர் அழிஞ்சுபோயிருந்துச்சு. மெக்கன்சி, மர்டோ. அவ்வளவுதான் தெரிஞ்சுது. எனக்கு யாருடா எழுதுவா? மூணு வருஷத்துல ஒரு வரி வந்ததில்ல. ஆசையில பிரிச்சுட்டேன்.

பன்னிரண்டு: பிரிச்சு?

எழுபது: "என் மர்டோவுக்கு"ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. நாலாவது வரியில தெரிஞ்சுபோச்சு, உன் பொண்டாட்டி டோலினா கையெழுத்துன்னு. அங்கயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. மன்னிச்சுக்க.

பன்னிரண்டு: மேல சொல்லு.

எழுபது: அவளுக்கும் இதேதான்டா. என் நெஞ்சுல இருக்கற இதே சனியன். இன்வர்னஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு எழுதியிருந்தா. வருஷக் கடைசி வரைக்கும் எப்படியும் தாங்கிடுவேன், ஒரு தரம் உன் மூஞ்சியப் பாத்தாப் போதும்னு... எப்படியாவது வான்னு எழுதியிருந்தா. கம்பி வேலி இருக்கறது அவளுக்கு என்ன தெரியும்?

பன்னிரண்டு: தேதி என்ன போட்டிருந்தா?

எழுபது: பிப்ரவரி பதினெட்டு. மறைச்சது தப்புதான். காட்டியிருந்தா அன்னிக்கே நீ கம்பிமேல ஏறியிருப்பே. தப்பிக்கப் பாத்த காம்பெல் பய என்ன ஆனான்னு பாத்தேல்ல? குண்டு பட்டு ரெண்டாவது கம்பியில தொங்கினான். கடுதாசி வந்த சமயத்துலதான் சுவிஸ் டாக்டருங்க வந்தாங்க. நம்பர் என்னன்னு கேட்டாங்க. யோசிக்கவே இல்ல. பன்னெண்டுன்னு வாயில வந்துருச்சு. இப்ப அக்டோபர். ரயில்லருந்து எறங்கி ஸ்வீடன் கப்பல் ஏறினா மாசக் கடைசிக்குள்ள ஊருக்குப் போயிடலாம். அவளப் பாத்துடலாம்டா.

பன்னிரண்டு: ஆனா போன வாரங்கூடக் கடுதாசி படிச்சுக் காட்டினேனே. ஆட்டுக்கெடா பாதிரியார் வீட்டுத் தோட்டத்துல பூந்துருச்சுன்னு...

எழுபது: அதத்தான்டா சொல்றேன்! அந்த ஒரு கடுதாசிக்கு நீ பதில் எழுதலன்னதும், உனக்குக் கஷ்டம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கா. அப்புறம் வர்றதெல்லாம் ஆடு, கோழி, சிரிப்பு. உன்ன ஏமாத்தறாடா. படுக்கையில கெடந்துக்கிட்டு உனக்காக வேடிக்கை எழுதறா. நீ அத சத்தமாப் படிக்கறப்ப எல்லாம் எனக்கு எழுந்து ஓடலாம்போல இருக்கும்.

பன்னிரண்டு: ஓடலையே. இன்னொரு தரம் படின்னு கேட்டே.

எழுபது: கேட்டேன். வேற என்ன செய்ய? நல்லா இருந்துச்சு...

சார்ஜென்ட்: டேய்! டாக்டர் பெட்டிய மூடறாரு! வர்றீங்களா இல்லையா?

எழுபது: அவன் வர்றான், சார்ஜென்ட்! பன்னெண்டு வர்றான்! அவனுக்கு இரும மட்டும் சொல்லிக் குடுங்க... போடா. ஏன் நிக்கறே? அவ காத்திருக்கா.

பன்னிரண்டு: அதுக்கு அடுத்த கடுதாசி ஆள் மாறி வரல, எழுபது. ஜூன் மாசம் நேரா என் கைக்கே வந்துச்சு. அவ கையெழுத்து இல்ல, பாதிரியார் கையெழுத்து. அவள மே ஒம்பதாம் தேதி அடக்கம் பண்ணாங்களாம். அப்புறம் உனக்குப் படிச்ச ஆடு, கோழியெல்லாம் நான் கட்டின கதை. வெறுங்காகிதத்தப் பாத்துப் படிச்சேன். உனக்கு வேற யாருடா எழுதறா?... எந்திரி. என் தோள்ல கையப் போடு. டாக்டர் போறதுக்குள்ள நீ உன் நம்பரச் சொல்லணும்.